பாதித் தூக்கத்தில் ஒரு பந்தயம்

குடியாத்தத்துக்காரனுக்குக் கடல்னா ரயிலேறிப் போய் மெரினாவுல கால் நனைக்கிறதோட சரி. நம்ம ஊர் கௌண்டன்ய நதியில வருஷம் முழுக்கத் தண்ணி பார்க்கிறதே கஷ்டம். இவன் பாய்மரப் படகுப் போட்டியைப் பத்தி எழுதக் கிளம்பிட்டானான்னு சிரிக்காதீங்க. தறி ஓடுற ஊர்ல ராத்திரி முறைன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும். அந்தப் போட்டியில பாதிக்குப் பாதி ராத்திரி முறைதான்.

நான் சொல்ல வந்தது கேப் டவுன் - ரியோ போட்டி. தென்னாப்பிரிக்காவில் கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி, பிரேசில் போய்ச் சேரணும். சுமார் 3,300 கடல் மைல், அதாவது 6,000 கிலோமீட்டருக்கு மேல். முதல் போட்டி நடந்தது 1971-ல். நம்ம கடற்படை இதுக்கு அனுப்பிய படகு மாதேயி. கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் பட்டறையில் கட்டி 2009-ல் கடற்படையில் சேர்த்த 56 அடிப் படகு. எடை 23 டன். பந்தயப் படகு இல்லை, உலகம் சுற்றுவதற்காகக் கட்டின கனமான படகு. பந்தயத்துக்கு மாட்டு வண்டியான்னு கேட்கலாம். ஆனா முரட்டுக் கடல்ல கனமும் ஒரு பலம்தான்.

இதுல ராத்திரி படகை நிறுத்திட்டுத் தூங்க முடியாது. குழு முறை பிரிச்சு நிக்கும். படகைப் பொறுத்து மூணு மணி நேரம், நாலு மணி நேரம். முறை முடிஞ்சு கீழே போனா, படகு ஒரு பக்கமாச் சாய்ஞ்சே ஓடிக்கிட்டிருக்கும். உருண்டு விழாம இருக்கப் படுக்கையோரம் ஒரு துணியை இழுத்துக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கணும். அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், இல்லேன்னா சோத்துப் பானை தரையில. மாத்திக்க உலர்ந்த துணி இருந்தா அது அதிர்ஷ்டம். உப்புத் தண்ணி பட்டுப் பட்டு உடம்பெல்லாம் புண்ணு. கண்ணசரும் நேரம் பார்த்து, 'பாயைக் குறைக்கணும், எல்லாரும் மேல வாங்க'ன்னு குரல் வரும். மேல போனதும் முதல் வேலை, இடுப்புப் பட்டைக் கயிற்றைப் படகோட கொக்கியில மாட்டுறது. பாய் கிழிஞ்சா ஊசி நூலை எடுத்து உட்கார்ந்து தைக்கணும். (நெசவு ஊர்க்காரனா எனக்குப் பிடிச்ச கட்டம் இதுதான்.)

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நீங்க கீழே கண்ணை மூடும்போது உங்க உயிர், சுக்கான் பிடிச்சு நிக்கிற இன்னொருத்தர் கையில.

2014 ஜனவரியில் நடந்த போட்டியில் மாதேயியும் இருந்தது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே புயல். 50 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் காற்று. அங்கோலா நாட்டுப் படகு 'பில்லே'யில் பாய்மரம் முறிஞ்சு, ஒரு மாலுமி இறந்துபோனார். பல படகுகள் திரும்பிடுச்சு. அதே போட்டியில் ஜியோவான்னி சோல்டினியின் 70 அடி 'மசெராட்டி' 10 நாள் 11 மணி நேரத்தில் ரியோ போய்ச் சேர்ந்து சாதனை படைச்சது. பேப்பர்ல பெருசா வர்றது இந்த மாதிரிக் கணக்குதான்.

இதைவிடக் கொடுமையானது 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டி. கிளம்பினது 303 படகு, முடிச்சது 86. போட்டியில் இருந்த மாலுமிகள் 15 பேர் செத்தாங்க. பயந்து கைவிட்டுப் போன படகு 24, அதுல மூழ்கினது 5 தான். மீதியெல்லாம் ஆளில்லாம மிதந்துக்கிட்டே இருந்துச்சு. ரப்பர் தெப்பத்தை நம்பிப் போனவங்கள்ல சிலர் திரும்பவே இல்லை. தெப்பத்துக்கு ஏறித்தான் போகணும், இறங்கிப் போகக்கூடாதுன்னு மாலுமிங்க சொல்றதுக்கு அர்த்தம் இதுதான். அதாவது, படகு உங்க காலுக்குக் கீழே முங்கினாத்தான் அதை விடணும்.

கூட ஆள் இருக்கிறதோட அருமை அபிலாஷ் டோமிக்குத் தெரிஞ்சிருக்கும். 2011 ரியோ போட்டியில் குழுவோட போனவர். அப்புறம் மாதேயியில் தனியாளா, எங்கேயும் நிக்காம உலகம் சுற்றி 2013-ல் திரும்பினார். 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் தனியாள் போட்டியில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல். பாய்மரம் முறிஞ்சுது, முதுகெலும்பில் அடி. எழுந்திரிக்கக்கூட முடியாம படகுக்குள்ளேயே மூணு நாள் கிடந்தார். அடுத்த முறைக்கு வர ஆள் கிடையாது. கடைசியில் 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. மனுஷன் அடங்கலையே! அதே போட்டிக்குத் திரும்பப் போய் 2023 ஏப்ரலில் இரண்டாவதா வந்தார்.

மாதேயியின் தங்கச்சி தாரிணி, 2017-ல் கடற்படையில் சேர்ந்தது. 2022 நவம்பரில் கோவாவில் கிளம்பி, 2023 ஜனவரி ரியோ போட்டியில் ஓடி, 188 நாள் கழிச்சு ஊர் திரும்பியது. அந்தக் குழுவில் இருந்த இரண்டு பெண்கள் கோழிக்கோடு தில்னாவும், நம்ம புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும். அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இந்த ரெண்டு பேர் மட்டும் கிளம்பினாங்க. 2025 பிப்ரவரியில் கேப் ஹார்ன் முனையைத் தாண்டி, மே 29 அன்று உலகம் சுற்றிக் கோவா வந்து சேர்ந்தாங்க. ஏறக்குறைய எட்டு மாசம். ஒருத்தி தூங்கினா இன்னொருத்தி முழிச்சிருக்கணும்.