நெடுவழியும் இறப்பர்ச் சக்கரமும்

நெடும்பயணம் புறப்படுமுன் வண்டியின் ரயர்களைப் பார்வையிடுதல் வேண்டும் என்பதை இன்று யாவரும் அறிவர். சக்கரம் குளிர்ந்திருக்கும்பொழுதே காற்றழுத்தத்தை அளக்கின்றோம். மேற்பரப்பின் பள்ளங்கள் தேய்ந்துவிட்டனவா, பக்கங்களில் வெடிப்புக் கண்டுள்ளதா என நோக்குகின்றோம். மேலதிகச் சக்கரத்தையும் மறவாது சோதிக்கின்றோம். காற்றுக் குறைந்த ரயர் ஓடும்பொழுது அளவுக்கு மீறி நெளிந்து, சூடேறி, ஈற்றில் வெடிக்கும் என்பதும் நாமறிந்ததே. ஆயின், இவ்வறிவு எங்ஙனம் தோன்றியது, இச்சக்கரத்தின் விலையை யார் கொடுத்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது.

பாடநூல்கள் சில பெயர்களைத் தருகின்றன. இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது என்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். ஸ்கொத்லாந்தவரான ரொபேட் தொம்சன் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அதனை வேண்டிநிற்கும் வாகனம் அன்று இருக்கவில்லை. ஆகவே அக்கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரக் கால்நடை வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் கண்டபொழுது, சைக்கிள் யுகம் பிறந்திருந்தது. தனிமனித மேதை மாத்திரம் வரலாற்றைச் செய்வதில்லை; சமுதாயத்தின் தேவையும் கூடிவரல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மோட்டார் வண்டிக்கு எந்த ரயர் தகும் என்னும் வினா 1895ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தெருவுக்கு வந்தது. பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் போட்டி, ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். முதலில் வந்து சேர்ந்த எமில் லெவசோர் திண்ம இறப்பர்ச் சக்கரங்களில் ஓடினார். அவர் எடுத்த நேரம் 48 மணி 48 நிமிடம். அந்திரே, எதுவார் மிஷெலின் சகோதரர் காற்றடைத்த ரயர்களுடன் புறப்பட்டனர். வழிநெடுக ரயர்கள் துளைபட்டன. இறங்குவதும் ஒட்டுவதும் காற்றடிப்பதுமாகவே பயணம் கழிந்தது. வகுத்த நேரத்துள் அவர்களால் மீள முடியவில்லை. ஆயினும் எதிர்காலம் தோற்றவர் பக்கமே நின்றது. வேகம் கூடுந்தோறும் திண்மச் சக்கரத்தின் அதிர்ச்சி வண்டியையே சிதைக்கும். காற்றோ அவ்வதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

1900இல் அச்சகோதரர் வெளியிட்ட வழிகாட்டி நூல் 35,000 பிரதிகள் இலவசமாக வழங்கப்பட்டது. ரயர் மாற்றுவது, செப்பனிடுவது, திருத்துநர் எவ்வூரில் உளர் என்பனவே அதிற் கூறப்பட்ட முக்கிய செய்திகள். 1906இல் லெ மான் அருகே நடந்த பிரெஞ்சுப் பெரும் போட்டியில், கழற்றி மாட்டத்தக்க விளிம்புகளைப் பூட்டிய றெனோ வண்டி வென்றது. பழைய ரயரை வெட்டியெடுத்துப் புதியதை மாட்டப் பிறர் பல நிமிடம் போராட, இவர்களோ சில நிமிடங்களிற் புறப்பட்டனர். மேலதிகச் சக்கரத்தை ஏற்றிச் செல்லும் நம் வழக்கத்தின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

இதுவரை கூறியது பயணஞ் செய்தோர் வரலாறு. இறப்பர் தந்தோர் வரலாறு வேறு. சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் கிளப்பிய இறப்பர்ப் பசிக்குக் கொங்கோ இரையாயிற்று. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோப்போல்டின் தனியுடைமையாயிருந்த அந்நாட்டிலே, குறித்த அளவு இறப்பர் கொணராத ஊர்களின் பெண்கள் பணயமாகச் சிறைவைக்கப்பட்டனர். மனிதர் கைகள் வெட்டப்பட்டன. றொஜர் கேஸ்மென்ற் என்பாரின் அறிக்கை 1904இல் இக்கொடுமையை உலகறியச் செய்தது.

நம் நாடும் இக்கதைக்குப் புறம்பானதன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்த கன்றுகளிற் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதன்பின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலே தோட்டங்கள் பரந்தன. வெயிலேறினாற் பால் சுரப்பது குறையுமாதலின் விடியுமுன்னரே மரத்தடியில் நின்று பால் வெட்டியோர் சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளருமே. 1952இல் சீனத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி இந்நாட்டு மக்கள் உண்ட அரிசி, அவர்கள் வெட்டிய பாலுக்குக் கிடைத்ததே. ஆயினும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. நாட்டுக்குச் சோறு தந்தவர்க்கு நாட்டில் உரிமையில்லை! எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாணவருக்கு டன்லப்பின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் நாம், கொங்கோவையும் களுத்துறையையும் அதே பாடத்தில் வைத்துக் கற்பித்தல் வேண்டும். அடுத்த முறை பயணத்துக்கு முன் குனிந்து ரயரைத் தட்டிப் பார்க்கையில், அதனுள் அடைபட்டிருப்பது காற்று மாத்திரமன்று என்பதை உணர்வோமாக.