கைமாத்துப் புத்தகம்: போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவும்

வட்டி, பத்திரம், சாட்சி எதுவும் கேட்காமல் ஆளை நம்பிக் கொடுக்கும் சிறுகடனை மதுரை, தேனி வட்டாரத்தில் கைமாத்து என்பார்கள். புத்தகமும் பெரும்பாலும் அப்படித்தான் கைமாறுகிறது. ஒருவர் தான் படித்துக்கொண்டிருப்பதைப் பேச்சுவாக்கில் சொல்கிறார். கேட்டவருக்கு ஆசை வருகிறது. "படிச்சிட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போகிறார். திருப்பித் தரும்போது தன்னிடம் உள்ளதில் ஒன்றையும் கொண்டுவருகிறார். இரவல் என்ற பழைய சொல்லும் இதற்கு உண்டு. ஆனால் இரவலில் வாங்குகிறவரின் தேவை மட்டுமே தெரிகிறது. கைமாத்தில் கொடுப்பவரின் நம்பிக்கையும் தெரிவதால் இக்கட்டுரை அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறது.

நிலமும் வழியும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஏலமலையின் அடிவாரத்தில் உள்ள நகராட்சி. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. ஊரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குக் கிளம்பும். பொழுது சாயும்போது இறங்கும். போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகும் அந்த வண்டியில் புத்தகம் விரிக்க இடம் கிடையாது. கதையை வாயால் சொல்லித்தான் மலைக்குக் கொண்டுபோக முடியும்.

ஜீப்புக்கு முன்னால் இந்தச் சரிவில் சுமையேற்றியவை கழுதைகளும் மனிதத் தலைகளும். அந்தக் காலத்தைப் போடிக்காரரான எஸ். செந்தில்குமார் 'கழுதைப்பாதை' நாவலில் எழுதியிருக்கிறார். புதுக்கவிதையில் தனி இடம் பிடித்த நா. காமராசன் 1942-இல் பிறந்ததும் போடியை அடுத்த மீனாட்சிபுரத்தில்தான். அவருடைய 'கறுப்பு மலர்கள்' 1971-இல் வந்தது. ஒரு புத்தகத்தை இன்னொருவரிடம் தள்ளிவிட "நம்ம ஊர்க்காரர் எழுதினது" என்ற ஒரு வார்த்தையைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை. படித்தவர் தன் தாத்தா நடந்த பாதையை அதில் கண்டுவிட்டால், அடுத்த ஆளிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

மதுரை–போடி ரயில் 1928-இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் முடிவோடு நின்றுபோன அந்த ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் போடிக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் மதுரைப் புத்தகக் கடைகளுக்குப் போய்வரப் பேருந்தே வழி. மதுரைக்குப் போகிறவரிடம் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துப் புத்தகம் வாங்கி வரச் சொல்வதும் கைமாத்தில் ஒரு வகைதான்.

தைத்த தொடர்கதைகள்

தமிழ்நாட்டில் புத்தகம் கைமாறிய கதையில் மிகவும் அன்புக்குரிய பொருள் ஒன்று உண்டு: வீட்டில் பைண்டு செய்த தொடர்கதை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரம் தவறாமல் வந்தபோது, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் துளையிட்டு, சணல் நூலால் தைத்து வைத்த வீடுகள் ஏராளம். அப்படித் தைத்த புத்தகத்தில் கதை பாதியில் முறிந்து, மறுபக்கம் தலைவலித் தைல விளம்பரமோ சமையல் குறிப்போ வரும். ஒரு வாரத்து இதழ் தவறியிருந்தால், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, விட்டுப்போன பகுதியைக் கையால் எழுதி நடுவே ஒட்டியிருப்பார்கள். முகப்பில் வீட்டுக்காரர் பெயர். அதற்குக் கீழே வேறு மையில் இன்னொரு பெயர். ஓரத்தில் ஒரு குழந்தையின் கிறுக்கல். எத்தனை வீடுகள் ஏறி இறங்கியது என்பதை அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும். அச்சான பதிப்பு வந்தபின்னும் பலர் இந்தத் தைத்த கட்டுகளைத் தூக்கிப்போடவில்லை. அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். வாசித்தவர்களின் வரலாறு கடையில் வாங்கும் பதிப்பில் கிடைக்காது.

மலையடிவாரத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். ஏலச் செடி விரும்பும் ஈரத்தைக் காகிதம் தாங்காது. மழைக்காலத்தில் அட்டை நெகிழும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, வெயில் வந்த நாளில் முற்றத்தில் விரித்துப் போடுவது என்று பழைய வைத்தியங்களே கைகொடுக்கின்றன. அலமாரியில் சும்மா இருக்கும் புத்தகம்தான் முதலில் கெடும். அடிக்கடி புரட்டப்படுவது பிழைக்கும்.

நூலகமும் வட்டமும்

புத்தகம் கைமாறும் இந்தப் பழக்கத்துக்கு அரசின் துணை 1948-இல் வந்தது. அவ்வாண்டு நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்திய மாநிலங்களில் இத்தகைய சட்டங்களுக்கு முன்னோடி. சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்வதால்தான் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நடக்கின்றன. இந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூலும், ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகரும் உண்டு என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் அடங்கும். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். மலைச் சரிவுக்கு வண்டி ஏறாது. ஆனால் வாசகர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்ற எண்ணம் அதுவேதான். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களை வீட்டுக்கே எடுத்துப் போகிறார்கள்.

நூலகத்தால் செய்ய முடியாத ஒன்று உண்டு: இன்னாருக்கு இது பிடிக்கும் என்று அறிந்து கையில் வைப்பது. அதை நூலகத்தை ஒட்டிய வாசகர் வட்டங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் செய்கின்றன. 1975-இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேனி, கம்பம் பள்ளத்தாக்கிலும் வேர்விட்டது. இங்கிருந்து வந்த நாவலாசிரியர்களில் ஒருவரான தேனி சீருடையான் இளமையில் பார்வை இழந்து, பிரெயிலில் படித்து, பின்பு பார்வை திரும்பப் பெற்றவர். 'நிறங்களின் உலகம்' அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. ம. காமுத்துரையும் இவ்வட்டாரத்தின் உழைக்கும் மக்களை எழுதுகிறவர். நூல் அறிமுகக் கூட்டம் என்று அழைப்பிதழில் அச்சாவது ஒரு மணி நேரப் பேச்சுதான். உண்மையான பரிமாற்றம், கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நிற்கும்போது நடக்கும். "இப்ப என்ன தோழர் படிக்கிறீங்க?" என்ற கேள்வி அங்கேதான் வரும், ஜோல்னாப் பையிலிருந்து புத்தகம் வெளியே வருவதும் அங்கேதான். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தம் முடிதிருத்தகத்தில் நூலகம் வைத்து, காத்திருக்கும் நேரத்தில் படிப்பவருக்குக் கட்டணத்தைக் குறைப்பதையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

இடமலக்குடி

கைமாத்துப் புத்தகத்தின் சிறந்த எடுத்துக்காட்டு, ஏலமலைக்கு வடக்கே, மூணாறுக்கு அப்பால் உள்ள காட்டில் இருக்கிறது. இடமலக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. முதுவர் என்ற பழங்குடியினர் வாழும் குடிகள் (சிற்றூர்கள்) அங்கே காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மரநிழலில் ஏலம்தான் பணப்பயிர். முதுவர்கள் போடிக்குப் புதியவர்கள் அல்லர். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியிலும் இருக்கிறார்கள். மதுரையை விட்டு, பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அந்த வழி போடிப் பக்கமாக வந்ததாகவும் ஒரு வழக்கு உண்டு.

இடமலக்குடியைச் சேர்ந்த இருப்புக்கல்லுக்குடியில் பி. வி. சின்னத்தம்பி என்ற முதியவர் மண்சுவர்த் தேநீர்க் கடை ஒன்றில் நூலகம் நடத்தியதை, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதி உலகறியச் செய்தார். நூலகம் முழுவதும் இரண்டு சாக்குகளில் அடக்கம். கடை திறந்ததும் சாக்கைக் கவிழ்த்துப் பாயில் அடுக்குவார், பாய்தான் அலமாரி. மொத்தம் 160 நூல்கள். மர்ம நாவல், பொழுதுபோக்கு வகை எதுவும் கிடையாது; வைக்கம் முகம்மது பஷீர், எம். டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ், காந்தி என்று கனமான வரிசை. உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். எடுத்துப் போகும் நூலுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மலையேறிக் களைத்து வருகிறவர்களுக்குக் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) இலவசம். எடுத்தவர் பெயரையும் நூலையும் ஒழுங்காக எழுதிய பதிவேட்டில் 2013-ஆம் ஆண்டுக்கு 37 பதிவுகள் இருந்தன.

37 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 160 நூல்களில் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வாசகர்களோ, ஒரு புத்தகத்துக்காகக் காட்டுவழியில் நடக்க வேண்டியவர்கள். நகரத்துப் பெரிய நூலகங்கள் எத்தனையோ இந்த விகிதத்தைக் கண்டு வணங்கலாம்.

அந்தப் பாயில் இருந்த நூல்களில் ஒன்று சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பு. முதுவர்கள் வீட்டில் பேசுவது தமிழுக்கு நெருங்கிய மொழி. அதற்கு எழுத்து இல்லை. பள்ளியில் கற்ற மலையாள எழுத்தின் வழியாகவே தமிழின் காப்பியம் அவர்கள் கைக்கு வந்தது. மதுரையை நீங்கி மேற்கே மலையேறிய கண்ணகியின் கோட்டம், இதே மலைத்தொடரில் கூடலூருக்கு மேலே மங்கலதேவியில் நிற்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு இரு மாநிலத்தாரும் ஏறுகிறார்கள். மதுரையிலிருந்து வந்ததாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள், மதுரையிலிருந்து வந்த ஒருத்தியின் கதையை எடுத்துப் போய்ப் படித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்த நூல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவாகியிருந்தது.