பசித்த வயிறும் பாடசாலையும்: பிறட்போர்ட் நகரின் அனுபவம் (1893–1907)

1

கல்வி வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் பாடத்திட்டங்களையும் பற்றி விரிவாகப் பேசுவர். வகுப்பறையில் அமர்ந்திருந்த பிள்ளையின் உடல் அவ்வரலாற்றில் அருகியே இடம்பெறுகின்றது. அப்பிள்ளை உண்டதா, அதன் கண் தெளிவாகத் தெரிந்ததா, இரவில் உறங்கியதா என்பன வீட்டின் கவலைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. மாணவர் உடல்நலம் பாடசாலையின் பொறுப்பு என்ற கருத்து தானாகத் தோன்றியதன்று. போராட்டத்தின் விளைவாகப் பிறந்தது. இங்கிலாந்தின் வடபகுதிக் கம்பளி ஆலை நகரமான பிறட்போர்ட்டின் அனுபவத்தைக் கொண்டு, அப்போராட்டத்தில் கல்வியாளர் வகித்த பங்கினையும் அதன் எல்லைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1870இல் இங்கிலாந்தின் ஆரம்பக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த டபிள்யூ. ஈ. போஸ்ரர் பிறட்போர்ட்டின் பாராளுமன்ற உறுப்பினர். 1880இல் வரவு கட்டாயமாக்கப்பட்டது. 1891இல் ஆரம்பப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றில் கட்டணம் நீங்கியது. இவை முன்னேற்றங்களே என்பதில் ஐயமில்லை. ஆயின் இவற்றின் உள்ளே ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டும் என அரசு கட்டளையிட்டது. எந்நிலையில் வருகின்றது என்பதைப் பற்றி அது மௌனம் சாதித்தது. ஆலை நகரங்களில் ‘அரைநேரப் பிள்ளைகள்’ நாளின் ஒரு பாதியை இயந்திரத்தின் முன்னும் மறு பாதியை வகுப்பறையிலும் கழித்தனர். இதற்குரிய குறைந்த வயது 1893இல் பதினொன்றாகவும் 1899இல் பன்னிரண்டாகவுமே உயர்த்தப்பட்டது. ஆலையில் உழைத்துக் களைத்து, மேசைமீது தலைசாய்த்து உறங்கிய பிள்ளையை ஆசிரியர் நாள்தோறும் கண்டனர். வறுமை என்பது அவர்களுக்குப் புள்ளிவிபரமாக அன்றி, முகமாகத் தெரிந்தது.

1890 டிசெம்பர் முதல் 1891 ஏப்ரல் வரை நடைபெற்ற மனிங்காம் ஆலை வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. எனினும் அத்தோல்வியே பிறட்போர்ட் தொழிலாளரைத் தனி அரசியல் அமைப்பினை நோக்கி உந்திற்று. 1893 ஜனவரியில் சுதந்திரத் தொழிற்கட்சி அந்நகரிலேயே நிறுவப்பெற்றது தற்செயலன்று.

3

அதே ஆண்டில் பிறட்போர்ட் வந்து சேர்ந்தவர் மார்கரட் மக்மிலன் (1860–1931). 1894இல் சுதந்திரத் தொழிற்கட்சியின் சார்பில் கல்விச் சபைக்குத் தெரிவான இவர், பாடசாலை வைத்திய அதிகாரியான ஜேம்ஸ் கேருடன் இணைந்து பணியாற்றினார். 1899இல் இவ்விருவரும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்திய மருத்துவப் பரிசோதனை பிரித்தானியாவில் பதிவாகிய முதலாவது பரிசோதனையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. நீராடும் வசதியற்ற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்காகப் பாடசாலையிலேயே நீராடுமிடங்கள் அமைக்கப்பட்டன. வகுப்பறைகளின் காற்றோட்டமும் ஒளியும் கவனிப்புக்குரியனவாயின.

இம்முயற்சிகளின் முக்கியத்துவம் யாது? பிள்ளையின் பசியும் நோயும் அதுவரை தாயின் கவனக்குறைவாகவோ தந்தையின் குடிப்பழக்கமாகவோ விளக்கப்பட்டு வந்தன. தருமப்பணி புரிந்த கனவான்களின் நோக்கும் இதுவே. பரிசோதித்தல், அளத்தல், பதிவுசெய்தல் ஆகிய செயல்கள் வழியே மக்மிலனும் கேரும் அத்தனிமனித விளக்கத்தைச் சமூக விளக்கமாக மாற்றத் தொடங்கினர். ஒரு பிள்ளையின் நோய் வீட்டின் குறையாகத் தோன்றலாம். ஒரு வகுப்பின் நோய் சமூகத்தின் குறையாகவே தோன்றும்.

4

எனினும் உழைக்கும் மக்களின் கோரிக்கை மட்டுமே சட்டமாகிவிடவில்லை. 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போயர் யுத்தத்திற்குப் படைதிரட்டியபோது, ஆலை நகரங்களிலிருந்து வந்த இளைஞர் பெருந்தொகையினர் உடற்தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டனர். ஏகாதிபத்தியம் அச்சமடைந்தது. உடற்சீர்கேடு பற்றி ஆராய நியமிக்கப்பட்ட குழு, 1904இல் வெளியிட்ட தனது அறிக்கையில், பாடசாலை மருத்துவப் பரிசோதனையையும் போசாக்கற்ற பிள்ளைகளுக்கு உணவூட்டுவதற்கான ஏற்பாட்டினையும் வற்புறுத்திற்று. தொழிலாளி தன் பிள்ளைக்கு உணவு கேட்டான்; ஆளும் வர்க்கம் தன் படைக்கு ஆள் கேட்டது. இவ்விரு தேவைகளும் ஒரு கணத்தில் சந்தித்தமையே 1906, 1907ஆம் ஆண்டுச் சட்டங்களைச் சாத்தியமாக்கிற்று.

1906ஆம் ஆண்டின் உணவளிப்புச் சட்டம் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவரின் மசோதாவிலிருந்து உருவானது. பிறட்போர்ட்டிலிருந்து அவ்வாண்டு தெரிவான பிரெட் ஜோவெற் அதற்காகப் பாராளுமன்றத்தில் வாதாடினார். அச்சட்டத்தின் இரு ஏற்பாடுகள் மனங்கொளத்தக்கன. பிள்ளையின் உணவுக்குப் பணம் செலுத்த இயலாத பெற்றோர் அதன்பொருட்டு வாக்குரிமையை இழக்கமாட்டார் என்பது ஒன்று. வறியோர் சட்டத்தின் கீழ் உதவிபெறுவோர் வாக்குரிமையை இழந்துவந்த காலத்தில், பாடசாலை உணவு பிச்சையன்று என்ற கொள்கையின் முதல் ஒப்புதலாக இதனைக் கொள்ளலாம். ஆசிரியர் எவரும் உணவளித்தலை மேற்பார்வை செய்யும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்பது மற்றொன்று. பிள்ளையின் நலன் ஆசிரியரின் ஊதியமற்ற உழைப்பின்மீது சுமத்தப்படலாகாது என்பதே இதன் பொருள்.

ஆயின் இச்சட்டம் உணவளிக்க உள்ளூராட்சிகளை அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் பரிசோதனையைக் கடமையாக்கிற்று. சிகிச்சையை விருப்பத்திற்கு விட்டது. சிகிச்சையற்ற பரிசோதனை நோயை எண்ணிக்கைப்படுத்துவதாகவே முடியும் என்பதை உணர்ந்த மக்மிலன், இலண்டனில் 1908இல் போ பகுதியிலும் 1910இல் டெற்போர்டிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையங்களை ஆரம்பித்தார்.

5

1907இல் பிறட்போர்ட்டின் வைத்திய அதிகாரி றல்ப் குறோலியும் மனையியல் கல்விக்குப் பொறுப்பாயிருந்த மரியன் கப் அம்மையாரும் கிறீன் லேன் பாடசாலையில் மேற்கொண்ட பரிசோதனை இவ்வரலாற்றின் உச்சம் எனலாம். ஏறத்தாழ நாற்பது பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதிய உணவும் வழங்கப்பட்டன. அவர்தம் எடை ஒழுங்காகக் குறிக்கப்பட்டது. உணவு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது. விடுமுறை வாரத்தில் எடை இறங்கியது. பாடசாலையின் கதவு மூடிய அந்த ஒரு வாரம், வாதங்கள் பல நிறுவ இயலாத உண்மையை நிறுவிற்று. பிள்ளைகளை மெலிவித்தது பிறவிக் குறையோ சோம்பலோ அன்று; உணவின்மையே.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அவ்வுணவு மேசைவிரிப்பிட்டு, மலர் வைத்து, ஆசிரியர் உடனிருக்கப் பரிமாறப்பட்டது. வரிசையில் நிறுத்தி, ஏழ்மையை அடையாளப்படுத்தி வழங்கும் தருமச் சோற்றுக்கும் இதற்கும் இடையேயுள்ள வேறுபாடு வெறும் ஒழுங்கு பற்றியதன்று. தன்மானமும் உடல்நலத்தின் ஒரு கூறே என்பதை அக்கல்வியாளர் விளங்கிக்கொண்டிருந்தனர்.

6

இதே ஏகாதிபத்தியத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த இலங்கையில் அதே 1907இல் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பினை அது தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்திற்று. உணவும் மருத்துவப் பரிசோதனையும் பற்றிய பிரித்தானியச் சட்டங்கள் தாய்நாட்டின் பிள்ளைகளுக்கே உரியனவாயிருந்தன. தோட்டத்துப் பிள்ளையின் கல்வி, அதன் பெற்றோரின் உழைப்பால் இலாபமீட்டிய துரைமாரின் கைகளிலேயே ஒப்படைக்கப்பட்டது. வாக்குரிமையும் அமைப்பும் பெற்ற பிறட்போர்ட் தொழிலாளிக்குக் கிடைத்தது, அவ்விரண்டுமற்ற மலையகத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்த பின்னரே இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஐம்பதுகளில் கல்வி அமைச்சராயிருந்த டபிள்யூ. தகநாயக்க, பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பணிஸ் வழங்கியமையால் ‘பணிஸ் மாமா’ என மக்களால் அழைக்கப்பட்டார். அப்பெயரில் கேலியும் அன்பும் கலந்திருந்தன. உரிமையாக உறுதிப்படாத உணவு, கொடுப்பவரின் பெயராலேயே நினைவுகூரப்படும்.

7

1944ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை உணவையும் பாலையும் இங்கிலாந்தின் உள்ளூராட்சிகளின் கடமையாக்கிற்று. 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இலவசப் பால் நிறுத்தப்பட்டது. 1980இல் அனைவருக்கும் உணவளிக்கும் கடமையும் நீக்கப்பட்டது. போராடிப் பெற்றவை, போராட்டம் தளரும்போது பறிக்கப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மாணவர் நலனுக்காக ஆசிரியர் ஆற்றக்கூடியது யாது என்ற வினாவிற்கு அன்பு, அக்கறை, தியாகம் ஆகிய சொற்களே வழமையாக விடையாகத் தரப்படுகின்றன. பிறட்போர்ட்டின் அனுபவம் இவற்றை மறுக்கவில்லை. இவை போதா என்கின்றது. தன் சம்பளத்தில் பாண் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர் ஒரு பிள்ளையின் ஒரு நாட் பசியைத் தீர்க்கின்றார். எத்தனை பிள்ளைகள் உண்ணாது வருகின்றனர் என்பதைக் குறித்துவைத்து, பெற்றோருடனும் வைத்தியருடனும் தொழிற்சங்கத்துடனும் இணைந்து அதனைப் பொதுவிடத்தில் வைக்கும் ஆசிரியர், அப்பசியைச் சமூகத்தின் கேள்வியாக்குகின்றார். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஆயின் இரண்டாவது நிகழாதவிடத்து, முதலாவது முடிவின்றித் தொடரவே செய்யும்.