பிழிந்த பிறகு

நூறு கிலோ திராட்சையைப் பிழிந்தால் இருபது, இருபத்தைந்து கிலோ சக்கை மிஞ்சும். தோல், விதை, கொஞ்சம் காம்பு. செக்கில் எள் ஆட்டிக்கொண்டு வரும் வீட்டுக்கு எண்ணெய்த் தூக்கோடு புண்ணாக்கும் சேர்ந்தே வரும். அதைக் கழிவென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒயின் சக்கைக்கு அந்த மரியாதை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இத்தாலியின் ஃபயென்சா நகரில் அது ஓர் ஆலையின் மூலப்பொருள். நியூசிலாந்தின் மார்ல்பரோவில் அது ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் வந்து குவியும் தலைவலி.

இத்தாலியருக்குச் சுற்றுச்சூழல் அக்கறை கூடுதல் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற சொல் வழக்குக்கு வருமுன்பே இத்தாலியச் சக்கை சுழலத் தொடங்கிவிட்டது. அதைச் சுழலவைத்ததில் பெரும்பங்கு அரசாங்கத்தின் சந்தேகத்துக்கு உண்டு.

சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து மறுபடி நொதிக்கவிட்டால் ஒயின் மாதிரி ஒன்று கிடைக்கும். காப்பிக்கு இரண்டாம் டிகாக்‌ஷன் போல. வீட்டுக்குள் குடித்தால் கேட்பாரில்லை. ஒயின் என்று பெயரிட்டுச் சந்தைக்கு அனுப்பினால் மோசடி. திராட்சையை மிதமிஞ்சிப் பிழியக் கூடாது என்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் வகுத்த ஒயின் சந்தை விதிகளிலேயே இருக்கிறது. பிழிந்த சக்கையையும் தொட்டியடி மண்டியையும் வடிசாலையில் ஒப்படைத்து, மிச்சமிருக்கும் ஆல்கஹாலை எடுத்துவிட வேண்டும் என்பது இதனோடு சேர்ந்த கட்டாயம். 2008 சீர்திருத்தத்தில் இந்தக் கட்டாயம் அந்தந்த நாட்டின் விருப்பம் ஆனது. இத்தாலி பிடியை முழுக்க விட்டுவிடவில்லை. எரிபொருளுக்கோ உரத்துக்கோ கொண்டுபோகலாம், ஆனால் கணக்குக் காட்ட வேண்டும் என்று தளர்த்திக்கொண்டது.

பல பத்தாண்டுகள் இப்படிச் சக்கை தானாக வாசலுக்கு வந்து சேர்ந்தால், வாங்குகிறவன் சும்மா இருப்பானா? ஃபயென்சாவின் கவிரோ 1966இல் தொடங்கிய கூட்டுறவு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட திராட்சை விவசாயிகள் அதன் சங்கிலியில் இருக்கிறார்கள். 1983இல் ‘தவெர்னெல்லோ’ என்ற ஒயினை அட்டைப்பெட்டியில் அடைத்து மலிவாக விற்று நாடெங்கும் பெயர் வாங்கியது. ஒயின் ரசிகர்கள் முகம் சுளிக்கும் சரக்குதான். ஆனால் அந்த நிறுவனத்தின் சாமர்த்தியத்தைப் பார்க்கப் பெட்டியை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போக வேண்டும்.

சக்கையை வடிக்கும் ஆலையில் முதலில் வெளியேறுவது ஆல்கஹால். விதையைச் சலித்துப் பிரித்தால் எண்ணெய். உலர்ந்த தோல் கொதிகலனுக்கு எரிபொருள். கழுவிய நீரில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு கரைந்திருக்கும். பழைய ஒயின் தொட்டிகளின் உட்சுவரில் கற்கண்டுபோல் படிகிறதே, அதேதான். சுண்ணாம்பு சேர்த்தால் அது கால்சியம் உப்பாகப் படியும். அதில் கந்தக அமிலம் விட்டால் டார்டாரிக் அமிலம் பிரிந்து வரும், ஜிப்சம் மிஞ்சும். இந்த அமிலத்தை வாங்குகிறவர்களில் ஜிப்சம் பூச்சுக் கலவை செய்கிறவர்களும் உண்டு: கலவை சீக்கிரம் இறுகிவிடாமல் கொத்தனாருக்கு நேரம் தர இது உதவும். இன்னொரு பங்கு ஒயின் ஆலைகளுக்கே திரும்புகிறது. வெயில் கூடிய ஆண்டில் பழத்தின் புளிப்பு குறைந்துவிடும்; அதைச் சரிசெய்ய முந்தைய விளைச்சலின் சக்கையிலிருந்து எடுத்த புளிப்பையே சேர்க்கலாம். வட்டம் என்ற சொல் அதன் நேர்ப்பொருளிலேயே பொருந்தும் இடம் இது. கடைசியில் தங்கும் குழம்பு நொதிகலனுக்குப் போய் பயோமீத்தேன் ஆகிறது, அதன் மிச்சம் உரமாகிறது.

வடகிழக்கு இத்தாலியின் பெர்கோத்தோவில் நொனீனோ குடும்பம், பிக்கொலீத் என்ற ஒரே திராட்சை வகையின் சக்கையைத் தனியே பிரித்து வாங்கி ‘கிராப்பா’ என்ற சக்கைச் சாராயத்தைக் காய்ச்சியது 1973இல். அதுவரை உழைப்பாளிகள் குளிருக்குக் குடித்த முரட்டுச் சாராயம் அதற்குப்பின் விருந்து மேசை ஏறியது. சக்கைக்கும் சாதி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அதே 1973இல்தான் மொன்டானா என்ற ஒயின் நிறுவனம் மார்ல்பரோவில் பெரிய அளவில் திராட்சைக் கொடி நட்டது. இன்று அங்கே ஏறக்குறைய 30,000 ஹெக்டேர். பெரும்பாலும் சாவின்யோன் பிளாங் என்ற ஒரே வெள்ளை வகை. கம்பிவரிசைகளின் மேல் இயந்திரங்கள் இரவிலும் ஓடிச் சில வாரங்களில் அறுவடையை முடித்துவிடும். சக்கையும் அந்தச் சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டும்.

சிவப்பு ஒயினில் தோலோடு நொதிக்கவிட்ட பிறகே பிழிவார்கள். ஆகவே சக்கையில் ஆல்கஹால் ஏற்கனவே ஊறியிருக்கும், நேரே வடிக்கலாம். வெள்ளை ஒயினில் முதலில் பிழிவார்கள், சாறு மட்டும் நொதிக்கும். சக்கையில் இருப்பது சர்க்கரை. வடிக்க வேண்டுமானால் அதைத் தனியே நொதிக்கவைக்க வேண்டும். வடித்த பிறகு அந்த ஆல்கஹாலுக்குக் கிராப்பா என்ற பெயர்கூட வைக்க முடியாது, ஐரோப்பியச் சட்டப்படி அது இத்தாலிக்கு மட்டுமே உரியது. டார்டாரிக் அமிலம் எடுக்கலாமென்றால், குளிர்ந்த மார்ல்பரோவின் பழத்தில் புளிப்புக்குப் பஞ்சமே இல்லை. வாங்க அக்கம்பக்கத்தில் ஆளில்லாத சரக்கு.

எனவே குவித்துவைத்தார்கள். மழை நனைத்தால் குவியலிலிருந்து ஒரு சாறு கசியும். ஓடையில் கலந்தால் நீரின் உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். மார்ல்பரோவின் வைராவ் சமவெளியோ ஆற்றுக் கூழாங்கல் படிந்த நிலம். அடியில் இருக்கும் நிலத்தடி நீர்தான் பிளெனிம் நகரத்தின் குடிநீர். சக்கையை எங்கே, எப்படிக் குவிக்கிறார்கள் என்பதை மாவட்ட மன்றம் கவனிக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய விதி சக்கையை மோசடிக்கு மூலதனமாகப் பார்த்தது. மார்ல்பரோவின் விதி அதை மாசாகப் பார்த்தது. முதல் பார்வையில் ஆலைகள் வளர்ந்தன. இரண்டாவதில், எங்கே கொட்டுவது என்ற கேள்வியே நீடித்தது.

ஆனால் ஃபயென்சாவையே வெற்றியாளராக அறிவித்துவிட எனக்கு மனமில்லை. ஈரம் மிகுந்த சரக்கை லாரியில் ஏற்றித் தொலைவிலிருக்கும் ஆலைக்கு ஓட்டுவதற்கு டீசல் வேண்டும். கொடி மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியமும் அந்த லாரியிலேயே ஏறிப் போய்விடுகிறது. உரமாகத் திரும்பினாலும் அதே தோட்டத்துக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது. மார்ல்பரோவில் சக்கையை ஒழுங்காக மக்கவைத்துக் கொடியின் காலடியிலேயே பரப்பும் தோட்டக்காரர் இதைவிடச் சின்ன வட்டம் போடுகிறார். ஆல்கஹாலும் எண்ணெயும் விற்ற காசு கையில் வராது, அவ்வளவுதான். கொஞ்சம் சக்கை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகிறது. பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கறவை மாடுகளுக்குத் திராட்சைச் சக்கை கொடுத்துப் பார்த்தபோது, அவை ஏப்பமாக விடும் மீத்தேன் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது.

சக்கையில் தடுமாறிய மார்ல்பரோ, கம்பிவரிசையைத் தாங்கும் மரக்கால்கள் என்ற இன்னொரு கழிவின் விஷயத்தில் வழி கண்டுகொண்டது. கரையான், பூஞ்சை அண்டாமலிருக்க அந்தக் கால்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றியிருப்பார்கள். அறுவடை இயந்திரம் இடித்து ஆண்டுதோறும் எத்தனையோ ஒடியும். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். புதைத்தால் மண்ணில் கிடக்கும். ஒடிந்த கால்கள் தோட்டத்து மூலைகளில் மலையாகச் சேர்ந்தன. இப்போது அவற்றைச் சேகரித்து, ஆணியும் கம்பியும் பிடுங்கி, ஒடிந்த முனையை அறுத்துவிட்டு, ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலிக்காலாக விற்கிறார்கள். திராட்சைக் கொடிக்கு எட்டாத குட்டைக் கால், ஆட்டு வேலிக்குச் சரியான உயரம்.