சோழவரத்து ஓடுபாதையும் வேகத்தின் விலையும்



சென்ற திங்கள் ஒரு கல்லூரியில் பேசி முடித்தபின் மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, கோடிக்கணக்கில் விலை சொல்லும் பந்தய வகை மோட்டார் கார்கள் இருக்கின்றனவே, அவை அந்த விலை பெறுமா?” என்று கேட்டார். அவையினர் சிரித்தனர். வாங்க வழியில்லாதவருக்கு விலை ஆராய்ச்சி எதற்கு என்று எண்ணினார்கள் போலும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த என்னை அந்தக் கேள்வி சிறுவயதிலேயே தொட்டதுண்டு.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், செங்குன்றத்தைக் கடந்தால் வருவது சோழவரம். இன்று ஏரியால் அறியப்படும் அவ்வூரில், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காக அமைக்கப்பட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அது வேறொரு வகையில் பயன்பட்டது. 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே மோட்டார்ப் பந்தயங்களை நடத்தலாயினர். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், அயல் மாநிலங்களிலிருந்தும் பந்தய வீரர்களையும் வண்டிகளையும் அவ்வோடுபாதை வரவழைத்தது.

அக்காலத்தில் நம் நாட்டில் கிடைத்த கார்கள் மிகச் சில. அம்பாசிடர், ஃபியட், சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றை விட்டால் குறிப்பிடத்தக்கவை இல்லை எனலாம். அயல்நாட்டுக் கார் வேண்டுவோர் இறக்குமதிக் கட்டுப்பாட்டையும் தீர்வையையும் கடந்தாக வேண்டும். ஆகவே, சோழவரத்தில் மன்னர் குடும்பத்தாரோ பெருஞ்செல்வரோ கொண்டு வந்த வண்டி ஒரு பக்கமும், பட்டறையில் இழைத்துச் சீர்செய்த வீட்டுக் கார் மறு பக்கமும் நின்றன. பணத்தின் வேகத்தையும் கைத்திறனின் வேகத்தையும் ஒரே பாதையில் நிறுத்திப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கு ஓட்டிய கார், என்சைன் என்னும் ஆங்கில நிறுவனம் ஃபார்முலா ஒன் பந்தயத்திற்கென்றே கட்டியது. உலகின் முதல்தரப் பந்தயங்களுக்குப் பிறந்த ஊர்தி, வயல்களுக்கு நடுவே கிடந்த பழைய ஓடுபாதையில்! அதைக் காண என் தாய்மாமன் என்னை மிதிவண்டியில் ஏற்றிச் சென்றார். செங்குன்றத்தருகே சிறு கடைசல் பட்டறை வைத்திருந்தவர் அவர். அந்தக் காரின் முழக்கம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. நான் வாய் பிளந்து நின்றேன். மாமாவோ டால்பின் என்ற சின்னஞ்சிறு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் கண்ணாடி இழை உடலுடன் செய்த கார் அது. எடை குறைவானதால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினர்.

“மாமா, அதைப் போய்ப் பார்க்கிறீர்களே!” என்றேன்.

“தம்பி, அந்தப் பெரிய வண்டி பழுதானால் சீமைக்குக் கடிதம் எழுத வேண்டும். இது பழுதானால் என்னிடம் வரும்” என்றார் அவர்.

அன்று எனக்கு அது பொறாமைப் பேச்சாகத் தோன்றிற்று. பிற்பாடு கோவை கரிவரதன் செய்ததை அறிந்தபோதுதான் மாமாவின் கணக்கு விளங்கியது. கரிவரதன் சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர். விரும்பிய காரை வாங்கக்கூடிய செல்வக் குடியினர். ஆயினும் அவர் 1988 இல் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். அதன் உயிர், நம் தெருக்களில் ஓடிய மாருதி 800 இன் எஞ்சின்: மூன்று உருளைகள், 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் பணம் பின்னே போய் ஓட்டுபவன் திறமை முன்னே வரும் அல்லவா? கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது இத்தகைய காரைத்தான். 2005 இல் ஜோர்டன் அணியின் காரில் அவர் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கினார். அவ்வாறு இறங்கிய முதல் இந்தியர் அவரே. அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995 இல் வானூர்தி விபத்தொன்றில் மறைந்துவிட்டார்.

அப்படியானால் விலை மிகுந்த கார் எல்லாம் வீண்தானா? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. அதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998 முதல் ஜப்பானிய மிட்சுபிஷியின் லேன்சர் காரைச் செய்தது. அது குடும்பத்தார் அமைதியாகச் செல்லும் கார். அதே பெயர் தாங்கிய லேன்சர் எவோல்யூஷனை மிட்சுபிஷியார் 1992 முதல் ஜப்பானில் செய்தனர். ராலி எனப்படும் நெடுஞ்சாலைப் பந்தயத்தின் விதி ஒன்றுதான் அதற்குக் காரணம். பந்தயத்தில் ஓடும் காரின் வகையில் 2,500 வண்டிகளாவது பொதுமக்களுக்கென்று செய்யப்பட வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே வாங்கியவர் கொடுத்த கூடுதல் விலை, அழுத்தக்காற்று ஊட்டும் எஞ்சினுக்கும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் அமைப்புக்கும் போயிற்று. பின்லாந்தின் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றது லேன்சரில்தான். அங்கே விலைக்குள் வேலை இருந்தது. விலையில் எவ்வளவு பங்கு வேலைக்கு, எவ்வளவு பங்கு பெயருக்கு, எவ்வளவு பங்கு தீர்வைக்கு என்று பிரித்துக் கேட்பதே என் வழக்கம்.

சோழவரத்துப் பந்தயங்கள் 1990ஐ ஒட்டி ஓய்ந்தன. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே புதிய பாதை அமைந்தது.

அந்த மாணவருக்கு இத்தனையும் சொல்ல நேரமில்லை. “எவோல்யூஷனுக்கு விலை தகும், சோழவரத்தில் ஓடிய என்சைனுக்குத் தகாது” என்று சுருக்கமாகக் கூறினேன். அவர் ஒப்பவில்லை. “அத்தகைய கார்கள் அங்கே வந்து ஓடாதிருந்தால், கோவையில் ஒருவருக்குத் தாமே பந்தயக் கார் கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்குமா, ஐயா?” என்று கேட்டார்.

என் மாமா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அறியேன். நான் விடை சொல்லாமல் அமர்ந்துவிட்டேன்.