நாவின் பிழையும் பறிபோகும் பணியும்

முருகன் மலைக்கோயிலால் பெயர்பெற்ற திருத்தணி, தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் எல்லையூர். மொழிவழி எல்லைப் போராட்டத்திற்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1888-இல் இவ்வூர்ப் பகுதியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் இளமை நிகழ்ச்சி ஒன்று, இன்றைய கேள்வி ஒன்றுக்கு ஒளி தருகிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவராயிருந்த அவர், வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற மறைப்பணியாளரின் கருத்தை மறுத்து ஓர் ஆய்வுரை எழுதினார். அது 1908-இல் நூலாயிற்று. கிறித்தவப் பேராசிரியர்களின் மனம் புண்படுமோ என்று அவர் அஞ்சியதுண்டு. ஆனால் அவருடைய ஆசிரியரும் மறைப்பணியாளருமான ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், மாணவரின் திறத்தைப் பாராட்டி நற்சான்று வழங்கினார். அடுத்த ஆண்டே இராதாகிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அவர் மாணவர், தொழிலாளர் அல்லர். எனினும், ஒருவருடைய வருங்காலம் மற்றொருவர் கையில் இருக்கும் நிலை இரண்டிற்கும் பொதுவானது. புண்படுத்தும் சொல்லுக்காக ஒருவரைப் பணியிலிருந்து நீக்கலாமா?

நம் நாட்டின் தொழிற்சட்ட வரலாறு இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியுள்ளது. நிர்வாகத்தின் உள்விசாரணை முறையாக நடந்திருந்தால், தண்டனையின் அளவில் தீர்ப்பாயம் பொதுவாகத் தலையிட இயலாத காலம் ஒன்று இருந்தது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 11-அ பிரிவு, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு அளித்தது.

மேலதிகாரியிடம் அச்சுறுத்தும் வகையில் தகாத சொல் பேசிய ஒரு தொழிலாளரின் வழக்கில், 1982-இல் உச்ச நீதிமன்றம் அவரது பதினான்கு ஆண்டுக் களங்கமற்ற பணியை நோக்கியது. பணிநீக்கம் மிகையானது எனக் கண்டு, ஊதிய உயர்வுகள் இரண்டை நிறுத்துவதே போதும் என்றது. 2005-இல் மகிந்திரா நிறுவன வழக்கிலோ, கீழ்ப்பணியாளர்கள் முன்னிலையில் மேலதிகாரியை இருமுறை இழிசொல்லால் ஏசியவரின் பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் உறுதி செய்தது.

இவற்றை முரண்பாடென நாம் கொள்ள வேண்டியதில்லை. சொல்லை மட்டுமன்றி, சொன்னவரின் வாழ்வையும் சூழலையும் எடைபோடுவதே நீதி. சொல் எவரை நோக்கிப் பாய்கிறது என்பதும் முக்கியம். சாதியைச் சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவதை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. எளியவரின் மாண்பைச் சிதைக்கும் சொல்லும், வலியவருக்குக் கசக்கும் கருத்தும் ஒன்றல்ல. முன்னதைப் பொறுப்பது அநீதிக்குத் துணைபோவதாகும். பின்னதைத் தண்டிப்பதோ உண்மைக்கு அஞ்சுவதாகும். இவ்வேறுபாட்டை ஹாக் அறிந்திருந்தார்.

1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் முதற்கொண்டு, திருச்சபை தொழிலாளரின் மாண்பை வலியுறுத்தி வருகிறது. வேலை என்பது கூலி மட்டுமன்று; ஒரு குடும்பத்தின் அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் அதில் அடங்கும். அதைப் பறிப்பது இறுதி மருந்தாகவே இருக்க வேண்டும்.

நாவு சிறு நெருப்பு என்று யாக்கோபு திருமுகம் எச்சரிப்பதை நாம் அறிவோம். ஆயினும் தவறிய சகோதரரிடம் முதலில் தனிமையில் பேசவும், பின்னர் ஓரிருவரோடு செல்லவும், அதன்பின்னரே சபையிடம் கூறவும் மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கற்பிக்கிறார். விலக்கி வைத்தல் அந்த வழியின் தொடக்கத்தில் அன்று, முடிவில்தான் வருகிறது.

பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் நாமும் முதலாளிகளே. நம் அலுவலக மேசைமீது பணிநீக்க ஆணை கையொப்பத்திற்குக் காத்திருக்கையில் நம்மை நாமே கேட்போம்: அவரைத் தனியே அழைத்துப் பேசினோமா? அவர் தரப்பைக் கேட்டோமா? அச்சொல் காயப்படுத்தியது எளியவரையா, அல்லது நம் தன்முனைப்பையா?