கல்யாண வீட்டு சாக்ஸபோன்

நம் தருமபுரிப் பக்கம் கல்யாணங்களுக்குப் போய் வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வாசலில் வாழைமரம் இருக்கிறது, பந்தியில் தலைவாழை இலை இருக்கிறது, மேளக்காரர்கள் பக்கத்தில் தவிலும் தாளமும் சுருதிப் பெட்டியும் இருக்கின்றன. சில மண்டபங்களில் நாதஸ்வரத்தின் இடத்தில் மட்டும் பளபளவென்று வளைந்த ஒரு பித்தளை வாத்தியம். சாக்ஸபோன்.

1979ல் என் கல்யாணத்துக்கு நாதஸ்வரம். 2008ல் என் மகள் கல்யாணத்துக்கு சாக்ஸபோன். சம்பந்தி வீட்டார் ஓசூர்ப் பக்கம். அவர்கள்தான் ஏற்பாடு செய்தார்கள். ஜாஸ்காரர்களின் வாத்தியம் நம் முகூர்த்தத்துக்குள் எப்படி வந்தது என்று அன்று முதல் எனக்கு ஒரு குறுகுறுப்பு. தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ். 1846ல் பாரிசில் காப்புரிமை வாங்கினார். உடல் பித்தளை என்றாலும் சத்தம் பிறப்பது வாயில் வைக்கும் நாணல் சீவலில். அதனால் இதைப் புல்லாங்குழல், கிளாரினெட் வகையில்தான் சேர்க்கிறார்கள். பெரிய இசைக்குழுக்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ராணுவ பேண்டுகள் எடுத்துக்கொண்டன. போட்டிக் கம்பெனிகள் வழக்குமேல் வழக்குப் போட்டன. மனிதர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திவாலாகி, 1894ல் வறுமையில் இறந்தார். இந்த வாத்தியத்தால் முதலில் கஷ்டப்பட்டவர் அதைச் செய்தவரே!

பேண்டு வழியாக அது அமெரிக்கா போய்க் கறுப்பின மக்களின் கைக்கு வந்ததும் ஜாஸ் இசையின் குரலாகவே மாறிவிட்டது. ஜாஸில் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசித்துக்கொண்டே போவார்கள். நம் ஆலாபனையும் கற்பனை ஸ்வரமும் தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

நம் நாட்டுக்கும் ஜாஸ் சீக்கிரமே வந்தது. 1935ல் லியோன் ஆபி என்ற அமெரிக்கர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்தார். கோவாக்காரர்கள் பலர் இந்த இசையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஓட்டலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? இரவில் ஓட்டலில் நடனத்துக்கு வாசித்தவர்கள் பகலில் சினிமா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். 1969ல் வந்த 'ஆராதனா' படத்தின் 'ரூப் தேரா மஸ்தானா' பாட்டில் வரும் சாக்ஸபோன் மனோகாரி சிங் வாசித்தது. பாட்டு ஊருக்கெல்லாம் தெரியும். ஊதியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் கல்யாண வீட்டுக்கு சாக்ஸபோன் வந்த வழி வேறு. அது கத்ரி கோபால்நாத் போட்ட வழி. 1949ல் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா நாதஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட சிறுவனுக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார்.

இதில் என்ன கஷ்டம் என்றால், நாதஸ்வரத்தில் விரலே துளையை மூடுகிறது. பாதி மூடலாம், கால்வாசி திறக்கலாம், வழுக்கிக்கொண்டு போகலாம். கமகம் அங்கேதான் பிறக்கிறது. சாக்ஸபோனில் துளைகளை மூடுவது பெரும்பாலும் விசையோடு சேர்ந்த தோல் மூடிகள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் படி ஏறுகிற மாதிரிதான் போகும். அதை வழுக்க வைக்க உதட்டாலும் மூச்சாலும் பாடுபட வேண்டும். கத்ரி வாத்தியத்திலும் சில மாற்றங்கள் செய்து, பல வருட உழைப்பில் அதைச் சாதித்தார்.

1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் இவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் சேர்ந்து வாசிக்க விரும்பினார். இருவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். 1994ல் கே. பாலசந்தரின் 'டூயட்' படம் வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் கத்ரியின் சாக்ஸபோன் தமிழ்நாட்டின் டீக்கடைகள் வரை போய்ச் சேர்ந்தது. 2004ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

அவரைப் பார்த்துக் கர்நாடகத்தில் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சாக்ஸபோனை எடுத்தார்கள். நம் மாவட்டம் 1965ல் சேலத்திலிருந்து பிரிந்தபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பூமி. அங்கே கல்யாணத்தில் வந்தது இங்கே வர எவ்வளவு நாளாகும்?

பாலக்கோடு பக்கத்து சாக்ஸபோன்காரர் ஒருவரை எனக்குப் பழக்கம். அவர் அப்பாவும் நாதஸ்வரம்தான். "ஏன் தம்பி மாத்திட்டீங்க?" என்று கேட்டேன். "மாத்தலைங்க சார். அப்பா வாத்தியம் வீட்லதான் இருக்கு, கோயிலுக்கு எடுத்துட்டுப் போவேன். கல்யாணத்துக்கு இதைத்தான் கேக்கறாங்க" என்றார்.

அவர் வருமானம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் முகூர்த்தமாக ஓட்டம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. அப்போது டெம்போ ஓட்டுகிறார். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பில் சினிமாப் பாட்டு, விடியற்காலையில் மறுபடி மேளம், தாலி கட்டும்போது கெட்டிமேளம். வாசிப்பை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. ஆனால் ஒரு நிமிஷம் நிறுத்தினால் "ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்று ஆள் வந்துவிடும்.

வரவேற்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் பத்து நிமிஷம் தனக்காக ஒரு ராகம் வாசிப்பாராம். அவர் சொன்னபோது எனக்கு நியூயார்க் ஞாபகம் வந்தது. 1940களின் தொடக்கத்தில் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் என்ற இடத்தில், சம்பளத்துக்கு வாசித்து முடித்த ஜாஸ்காரர்கள் நள்ளிரவுக்கு மேல் கூடித் தங்களுக்காக வாசித்தார்கள். சார்லி பார்க்கர் போன்றவர்கள் ஜாஸின் போக்கையே மாற்றியது அப்படிப்பட்ட இரவுகளில்தான். ஹார்லெமோ பாலக்கோடோ, கூலிக்கு வாசித்தது போக மிச்சமிருக்கும் நேரம்தான் கலைஞனுக்குச் சொந்தம்.

சாக்ஸபோன் வந்து நாதஸ்வரத்தை விழுங்கிவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயம்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஊதுகிறவருக்கு முகூர்த்தமும் கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் கோபத்தை சாக்ஸபோன்காரர் மேல் காட்டாதீர்கள். அவரும் அதே வீட்டுப் பிள்ளை. இரண்டு பேருக்கும் பொதுவான எதிரி ஸ்பீக்கர் பெட்டியும் நம் காதுகளும்தான்.

அதனால் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வாத்தியம் வைத்தாலும் பேசிய தொகையைக் கிளம்பும் முன் கையில் கொடுங்கள். முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்கார வையுங்கள். வரவேற்பில் ஒரு பத்து நிமிஷம் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்சதை வாசிங்க" என்று சொல்லிப் பாருங்கள்.